ஒரு ‘கூடும்’ குறைந்த நாள்

“குரல் திரும்பி வரலாம்,” என்றார் டாக்டர். “பெரும்பாலும் வரும்னுதான் எதிர்பார்க்கிறோம். ஆனா தொண்டை விஷயத்துல எதையும் முன்கூட்டி உறுதியாச் சொல்றதுக்கில்ல. கொஞ்சம் கரகரப்பு தங்கிடலாம். சிலருக்கு எதிர்பாராத முன்னேற்றமும் வர்றதுண்டு.”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெற்றி, தோல்வி, சமன், ஆச்சரியம் நான்குக்கும் இடம் விட்டாகிவிட்டது. நாளை எது நடந்தாலும் இந்த மனிதரை யாரும் பிடிக்க முடியாது. சுத்தமான வேலை.

“டாக்டர், நீங்க எந்தப் பத்திரிகையில இருந்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் என் மகளைப் பார்த்தார். மகள் என் முழங்கையைக் கிள்ளி, “அப்பா, சும்மா இருங்க,” என்றாள். அவளுக்கு நாற்பது வயது. என்னைக் கிள்ளுவதற்கு அவளுடைய அம்மாவிடமிருந்து எழுத்துமூலம் அனுமதி பெற்றவள். என் மனைவி மட்டும் சிரித்தாள். மூன்று மாதமாக அவள் சிரிப்பு, காற்றுப் போன பந்து தரையில் விழுவதுபோலத்தான் கேட்கிறது. தொப் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

டாக்டர் இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினார். “தொண்டைக்குள்ள இந்த மாதிரி ரெண்டு நாண் இருக்கு. பேசறப்போ ரெண்டும் நடுவுல வந்து ஒட்டணும். இப்ப ஒண்ணு மேல கட்டி உட்கார்ந்துக்கிட்டு ஒட்ட விடாம தடுக்குது. கட்டியை எடுத்துட்டா ரெண்டும் கூடும்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் நானும் அவளும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது என் பெயர்.

பெற்றோர் எனக்கு வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது. ஓய்வூதியக் காகிதங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் நான் ‘கூடும் சார்’. ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் ‘நாளைய ஆட்டம்’ என்ற பத்தியை எழுதியவன். இருபது வரி. நாளை யார் வெல்வார் என்று இன்றே சொல்லவேண்டும். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நாளை யார் வெல்வார் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதை ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். “தெரியாதுன்னு எழுதினா எவன்யா வாங்குவான்? தெரிஞ்ச மாதிரி எழுது,” என்றார். நான் பொய் சொல்லத் தெரியாதவன். இதை என்னைத் தெரிந்த யாரிடமும் நீங்கள் கேட்கவேண்டாம். தெரிந்தமாதிரியும் இல்லாமல் தெரியாதமாதிரியும் இல்லாமல் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தேன். ‘இளம் வீரர்கள் நெருக்கடி கொடுக்கக்கூடும்; எனினும், அனுபவம் கைகொடுக்கக்கூடும். முதலில் விழும் கோல் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கக்கூடும். கோல் விழாமலும் போகக்கூடும்.’ முப்பத்தொரு வருடத்தில் என் கணிப்பு ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஒருமுறை, முந்தைய வருடத்துப் பத்தியே தவறுதலாக மறுபடியும் அச்சாகிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாசகர் மட்டும் ‘சமீபகாலமாக உங்கள் ஆய்வில் ஆழம் தெரிகிறது’ என்று அஞ்சலட்டை போட்டிருந்தார். இன்னொருமுறை, நீச்சல் போட்டிக்கு முந்தின நாளே குளத்தில் பெரிய விரிசல் விழுந்து தண்ணீர் மொத்தமும் இறங்கிவிட்டது தெரியாமல், ‘எதிர்பாராத திருப்பம் நேரக்கூடும்’ என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ஊர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. காணாமற்போன சைக்கிள் கிடைக்குமா என்று ஒருவர் அலுவலகத்துக்கே தேடி வந்தார். கிடைக்கக்கூடும் என்றேன். கிடைத்தது. ஆனால் வேறொருவருக்கு.

என் மனைவி அப்போது என் மனைவி அல்ல. அதே பத்திரிகையின் மெய்ப்பு அறையில் வாசிப்பவளாக இருந்தாள். நாங்கள் கையால் எழுதித் தருவதைப் பார்த்து அச்சுக்கோப்பார்கள். கோத்ததை நீளமான தாளில் ஒற்றி எடுத்து மெய்ப்பு அறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் கையில் நாங்கள் எழுதிய தாள், மற்றவர் முன்னால் ஒற்றி எடுத்த தாள். முதல் ஆள் எழுதியதை உரக்கப் படிக்கவேண்டும், புள்ளி உட்பட. இரண்டாம் ஆள் அதைக் கேட்டுக்கொண்டே அச்சில் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தவேண்டும். படித்தவள் அவள். திருத்தியவர் அடிமட்டத் தடிமனுக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். காதில் விழுந்ததைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாதவர்.

மாடிப்படி மெய்ப்பு அறையை ஒட்டிப் போகும். நான் என் தாளைக் கொடுத்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் நான்காவது படியில் நின்றுவிடுவேன். அந்தச் செருப்பில் வாரே கிடையாது என்பதை அவள் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். உள்ளிருந்து அவள் குரல் வரும். ‘கொடுக்கக்கூடும் அரைப்புள்ளி எனினும் கால்புள்ளி அனுபவம் கைகொடுக்கக்கூடும் முற்றுப்புள்ளி.’ அலங்காரம் ஒன்றும் இல்லாத குரல். அலமாரியில் பாத்திரத்தை அதன் இடத்தில் வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளும். என் வாக்கியங்களில் உறுதியாக இருந்த ஒரே பகுதி அவள் சொன்ன முற்றுப்புள்ளிதான்.

அந்த வருடம் கால்பந்து லீக் பட்டியலின் கடைசியில் பேருந்துப் பணிமனை அணி இருந்தது. எல்லாரும் மெக்கானிக்குகள். அவர்களுடைய கோல்கீப்பருக்கு ஊர் வைத்த பெயர் ‘ஜன்னல்’. எந்தப் பக்கம் அடித்தாலும் உள்ளே காற்று வருவதுபோலப் பந்து வந்தது. இருபத்துநான்கு வயது, ஆறடி உயரம், ஒவ்வொரு கை முறம் அகலம். அந்தக் கைகளுக்கு நடுவில்தான் பதினான்கு ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு கோல்கள் போயின. ஒரு ஆட்டத்தில் அவன் பந்தைப் பிடித்துவிட்டான், ஆனால் பிடித்த மகிழ்ச்சியில் கோலுக்குள்ளேயே ஓடிவிட்டான். இதை நான் பார்த்தேன். கடைசி ஆட்டம் முதலிடத்தில் இருந்த துறைமுக அணியோடு. முதல்நாள் நான் எழுதிக்கொடுத்தது: ‘பணிமனை அணியின் கோல்கீப்பர் ஒரு கோலும் விடாமல் காக்கக்கூடும்; எனினும், துறைமுக அணியின் கை ஓங்கவே வாய்ப்பு அதிகம்.’ பாவம் என்று போட்ட வரி அது. எட்டு கோல் வாங்கினாலும் ‘எனினும்’ என்னைக் காப்பாற்றிவிடும்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே பத்திரிகையைப் பிரித்தேன். நுரையை விழுங்கிவிட்டேன்.

‘பணிமனை அணியின் கோல்கீப்பர் ஒரு கோலும் விடாமல் காப்பார்.’

அவ்வளவுதான். ‘கூடும்’ இல்லை. ‘எனினும்’ இல்லை. அதற்குப் பின்னால் வரவேண்டிய துறைமுக அணியும் இல்லை. ஆண்டுக்கணக்காகக் கட்டிக் காத்த என் மானம், ஒரு ஜன்னலை நம்பி நின்றது.

நேராக மெய்ப்பு அறைக்குப் போனேன். “யார் இந்த வேலையைப் பண்ணது?”

கண்ணாடிக்காரர் பதறவில்லை. “அச்சுல ‘காக்கக்கூடும்’னுதான் சார் இருந்துச்சு. அம்மா ‘காப்பார் முற்றுப்புள்ளி’ன்னு படிச்சாங்க. சரி, அச்சுக்கோத்தவன்தான் தப்புப் பண்ணிட்டான்னு மிச்சத்தை அடிச்சுட்டேன். நான் காதால கேட்டதைத்தானே திருத்த முடியும்?”

அவள் தாளைப் பார்த்தபடி, “வாய் தவறிடுச்சு சார். மன்னிச்சுக்கங்க,” என்றாள்.

“உங்க வாய் தவறினதுல என் வேலை போகப் போகுது!”

“போகக்கூடும் சார்,” என்றாள்.

அன்றைய ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அன்று அடித்த காற்றில் மூலைக்கொடியை நடப்போன ஆள், கொடியோடு அடுத்த தெருவில் கண்டெடுக்கப்பட்டார். துறைமுக அணி அடித்த பந்துகளை நான் எண்ணினேன், முப்பத்தேழு. ஜன்னல் ஒன்றைக் காலால் தடுத்தான், ஒன்றை முதுகால், ஒன்றைத் தாடையால். ஒரு பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டது. அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், அது கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து நெஞ்சில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. லாரி டயர் வெடித்ததென்று எண்ணி நான்கு கடைகளில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். கண்ணைத் திறந்தபோது அவன் தரையில் குப்புறக் கிடந்தான். பந்து அவனுக்கு அடியில் இருந்தது. அதை அவனிடமிருந்து பிடுங்க நடுவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பணிமனை அணி வெல்லவில்லை, பட்டியலில் கடைசி இடம் கடைசி இடமாகவே இருந்தது. ஆனால் பேருந்துகள் அன்று மாலை முழுவதும் ஹாரன் அடித்துக்கொண்டே ஓடின.

மறுநாள் ஜன்னல் அலுவலகத்துக்கு வந்தான். நெஞ்சில் கட்டு, கிரீஸ் போகக் கழுவிய கைகள், கக்கத்தில் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தான்.

“முந்தாநாள் கையுறையைக் கேப்டன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டேன் சார். இனிமே ஆடறதில்லன்னு சொல்லிட்டேன். நேத்துக் காலையில பேப்பர் பார்த்துட்டு ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன்.” பொட்டலத்தை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். “‘காப்பான்’னு கூட இல்ல சார். ‘காப்பார்’னு போட்டிருந்தீங்க.”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். “பரவாயில்லப்பா. நீ நல்லாப் பிடிக்கக்கூடியவன்தானே,” என்றேன். அவன் காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தான். கழித்துப்போட்ட ஒரு பழைய பேருந்தின் ஹாரன். பித்தளைக் குழல், கறுப்பு ரப்பர் குமிழ். அழுத்திப் பார்த்தேன். அடுத்த அறையில் ஆசிரியர் நாற்காலியிலிருந்து விழுந்தார்.

ஹாரனைத் தூக்கிக்கொண்டு மெய்ப்பு அறைக்கு இறங்கினேன். நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் வாய் தவறியதற்கு நன்றி சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். “கல்யாணம் பண்ணிக்கக்கூடுமா?”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “யாரு, யாரை? வாக்கியத்துல ஆளே இல்லையே சார்.”

கண்ணாடிக்காரர் முன்னிலையில் எழுவாய், செயப்படுபொருளோடு திருத்திக் கேட்டேன். நாற்பத்து மூன்று வருடம் ஆகிறது. அவர் அதையும் காதால் கேட்டதால் நம்பினார்.

அறுவைச் சிகிச்சை நாளன்று காலை ஏழு மணிக்கு, பச்சை அங்கியில் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் காகிதத் தொப்பி. மகள் படிவங்களில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்; அது இருமிவிட்டு அணைந்தது, மறுபடி இருமியது.

“ஏங்க,” என்றாள்.

“பேசாதே. டாக்டர் என்ன சொன்னாரு?”

“அறுக்கறதுக்கு முன்னாடி பேசிடறேன். அன்னிக்கு வாய் தவறல.”

சரளைக்கல்லில் சைக்கிள் போவதுபோல இருந்தது குரல். எந்த அன்றைக்கு என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும், “என்னிக்கு?” என்றேன்.

“‘காக்கக்கூடும்’ல ‘கூடும்’ தவறி விழுந்தா ‘காக்க’ன்னுதான் நிக்கும். ‘காப்பார்’ எங்க இருந்து வரும்? முப்பத்தொரு வருஷம் எழுதினவர்னு சொல்லிக்கிட்டுத் திரியறீங்க, இது தோணலியே உங்களுக்கு?”

தோன்றவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால், ஒரு சொல் கால் தடுக்கி விழலாம். விழுந்த இடத்தில் தானாக ஒரு ‘ர்’ முளைக்காது. என்னைவிடச் சிறந்த பொய்யர் ஒருவர் என் வீட்டிலேயே நாற்பத்து மூன்று வருடம் குடியிருந்திருக்கிறார். எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

“எதுக்குப் பண்ணே?”

“அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் வந்த பஸ் ரிப்பேராகி நின்னுடுச்சு. அவன்தான் அடியில படுத்துச் சரி பண்ணிட்டிருந்தான். ஏறி இறங்கறவன்லாம் ‘என்னடா ஜன்னல், எத்தனை வாங்கினே’ன்னு கேட்டுட்டே போறான். அவன் வெளியிலயே வரல. வேலை முடிஞ்சப்புறமும் பஸ்ஸுக்கு அடியிலயே படுத்துக்கிடந்தான், எல்லாரும் போகட்டும்னு.” மூச்சு வாங்கினாள். “உங்க தாளைப் பார்த்தேன். ‘காக்கக்கூடும்.’ யாரு காக்கக்கூடும்? அவனும் கூடும், கம்பமும் கூடும். ஒரு நாளாவது ஒரு ஆளு நிக்கட்டுமேன்னு படிச்சுட்டேன்.”

“எட்டு கோல் வாங்கியிருந்தான்னா?”

“உங்க வேலை போயிருக்கும்,” என்றாள். அவள் கண்ணில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

பிறகு, படுக்கைமேல் கிடந்த மருந்துச் சீட்டைத் திருப்பி, என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். “எனக்கும் ஒரு வரி எழுதுங்க. நாளைய ஆட்டம்.”

அவளுக்குப் பயமாக இருந்தது. காகிதத் தொப்பிக்குக் கீழே நெற்றி வியர்த்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. இருபத்தெட்டு வருடம் ஊரார் எழுதியதையெல்லாம் வாய்விட்டுப் படித்த தொண்டை. பேத்திகளுக்குத் தொலைபேசியில் கதை சொல்லும் தொண்டை. நான் அளந்துகொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்தே ‘அது முப்பத்தேழு இல்ல, ஏழு!’ என்று திருத்தும் தொண்டை. அது போய்விட்டால் என் பொய்களுக்கு எல்லையே இருக்காது. எல்லையில்லாத பொய்யை யார் ரசிப்பார்கள்?

பேனா பழக்கப்பட்ட தடத்தில் ஓடியது. ‘பதினோராம் நாள் காலை குரல் திரும்பக்கூடும்’ என்று எழுதிவிட்டு நானே நிறுத்தினேன். அவள் பேனாவை வாங்கி, ‘திரும்பக்கூடும்’ மேல் ஒரு கோடு இழுத்து, அதன் வாலை மேலே கொண்டுபோய் ஒரு சுழி சுழித்தாள். நீக்கு என்று அர்த்தம். அந்தச் சுழியைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். வாழ்க்கையில் அதுவரை எழுதாத ஒரு வாக்கியத்தை எழுதினேன். ‘பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு என் மனைவி பேசுவாள்.’ பொய்யோ மெய்யோ, ஓடி ஒளிய அதில் ஒரு சந்துகூட இல்லை.

அவள் படித்தாள். மறுபடி பேனாவை வாங்கினாள். ‘பேசுவாள்’ என்பதில் கடைசி எழுத்தை அடித்துவிட்டு மேலே ‘ர்’ என்று போட்டாள்.

“பத்திரிகைன்னா மரியாதை வேணும்,” என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. சக்கரக் கட்டில் வந்துவிட்டது.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். “கட்டி முழுசா வந்துடுச்சு. கெட்ட கட்டி இல்ல.” இரண்டு வாக்கியத்திலும் ஒரு ‘லாம்’ கிடையாது. எழுந்து நின்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மகள் அழுதாள். “குரல்?” என்று கேட்டேன். “முன்னமே சொன்னதுதான். பத்து நாள் ஒரு சத்தம் வரக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். பதினோராம் நாள் காலையில ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. பார்ப்போம்,” என்றார். பார்ப்போம். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமலும் தெரியும் என்று சொல்லாமலும் ஒரு மனிதன் எவ்வளவு தூரம்தான் நடக்க முடியும் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து ஹாரனை இறக்கித் துடைத்து அவள் கட்டிலருகே வைத்தேன். ஒருமுறை அடித்தால் ‘வா’. இரண்டுமுறை அடித்தால் ‘தப்பு’. மூன்றுமுறை அடித்தால் ‘அளந்தது போதும்’. முதல் நாளிலேயே பக்கத்து வீட்டுக்காரர் வந்து, வீட்டுக்குள் பேருந்து ஏதாவது வாங்கி நிறுத்தியிருக்கிறோமா என்று விசாரித்துவிட்டுப் போனார். சின்ன மாடல்தான் என்றேன். உள்ளேயிருந்து இரண்டுமுறை ஹாரன் கேட்டது.

மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு தங்கினாள். நான் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு கதையை இடையூறின்றி ஆரம்பித்து முடித்துப் பார்த்தேன். ருசியாகவே இல்லை. பாதியில் நானே நிறுத்தி, ஹாரனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஏழாம் நாள் ஜன்னல் வந்தான். மகள் சொல்லியிருக்கிறாள். அவனும் ஓய்வு பெற்றுவிட்டான், முடி கொட்டிவிட்டது, கைகள் மட்டும் அதே முறம். கட்டிலின் கால்மாட்டில், பெனால்டிக்கு நிற்பவன்போலக் காலை அகட்டி நின்றான். ஹாரனைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கு என்ன தோன்றியதோ, நாற்பத்து மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அந்த வரி நான் எழுதியதல்ல, எழுதியது வேறு. இவள்தான் மாற்றிப் படித்தாள் என்று.

அவன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா,” என்று அவளிடம் சொன்னான். “சாருக்கு ஏது அவ்வளவு தைரியம்? நேர்ல பேசறப்பவே ‘பிடிக்கக்கூடியவன்’னுதானே சொன்னாரு!”

கட்டில் குலுங்கியது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. “அம்மா, சிரிக்கக்கூடாது!” என்று மகள் ஓடிவந்தாள். ஜன்னல் பயந்துபோய்த் தன் வாயையும் பொத்திக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். “அன்னிக்கப்புறம் பணிமனையில யாரும் என்னை ஜன்னல்னு கூப்பிடலம்மா. கதவுன்னுதான் கூப்பிட்டாங்க. ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும்.” பழக்கம் விடாமல் அவனை இன்னும் ஜன்னல் என்று சொல்லிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான் என்று அப்போதுதான் உறைத்தது. “உங்களுக்குச் சொல்லவேண்டியதை இத்தனை வருஷமா இவருக்குச் சொல்லிட்டிருந்திருக்கேன். நன்றிம்மா.”

அவள் கையை நீட்டி ஹாரனை ஒருமுறை அழுத்தினாள். எங்கள் கணக்கில் அது ‘வா’. அவன் விளங்கிக்கொண்டதுபோல, “வர்றேம்மா, பேசறப்போ வந்து கேக்கறேன்,” என்றான்.

அவன் போன பிறகு, நானும் சொல்லிவிடலாம் என்று கட்டிலோரம் உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன் ஹாரனும் கையுமாகப் படியிறங்கியவன் சொல்லாமல் விட்டது. “இந்தாம்மா,” என்று தொடங்கினேன். “எனக்கு உன்கிட்ட...” அவள் காத்திருந்தாள். வாக்கியத்தில் ஆள் இருந்தான், வினை வரவில்லை. அவள் என் கையைத் தட்டிவிட்டு, மூன்றுமுறை ஹாரன் அடித்தாள்.

பதினோராம் நாள் காலை எட்டரை மணிக்கே முகம் கழுவி, தலை வாரி, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வெந்நீர் குடித்தாள். மகள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். அதன் மறுமுனையில் பேத்திகள் மூச்சுவிடாமல் இருப்பது எனக்குக் கேட்டது. என் சட்டைப்பையில் மருந்துச் சீட்டு இருந்தது. அவள் என் பையைப் பார்ப்பதும் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஒரு வார்த்தை. எந்த வார்த்தை என்று பத்து நாளில் நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்பது அடித்தது. நான் பத்திரிகையைப் பிரித்தேன். என் இடத்தில் இப்போது எழுதுகிறவர் எனக்குத் தெரியாதவர். பாவம், அவருக்கும் நாளை யார் வெல்வார் என்று தெரியாது. ஆனால் அவரிடம் கணினி இருக்கிறது, அதனால் அவருடைய ‘கூடும்’ தசமப் புள்ளியோடு வருகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதிய தாளைப் படிக்கிறவள் எப்படிப் படிப்பாளோ அப்படிப் படித்தேன். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக இடத்தில் வைத்து.

“இறுதி ஆட்டத்தில் இரு அணிகளின் வாய்ப்பும் ஏறக்குறையச் சமம் என்றாலும் கால்புள்ளி கணிப்பின்படி ஐம்பத்தொன்று புள்ளி மூன்று விழுக்காடு வாய்ப்பு நடப்புச் சாம்பியனுக்கே இருப்பதாகத் தெரிகிறது அரைப்புள்ளி எனினும் கால்புள்ளி எதிரணியின் கோல்கீப்பர் ஒரு கோலும் விடாமல்...”

அங்கே அச்சில் என்ன இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்திரிகைக்கு மேலே தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன்.

“...காப்பார்,” என்று படித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சொல் பாக்கி இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அது எப்போதும் அவளுடையது.

அவள் ஹாரனைக் கையால் தள்ளி வைத்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கழுத்தில் ஒருமுறை எச்சில் இறங்குவது தெரிந்தது. உள்ளே அந்த இரண்டு நாண்களும் என்ன செய்துகொண்டிருந்தன என்று எனக்குத் தெரியாது. வெளியே, ‘மு’ என்று தொடங்குவதற்காக, அவள் உதடுகள் இரண்டும் கூடின.